ஜூனில் குழி, நவம்பரில் கன்று: வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊரில் உள்ள நிலத்தில் மரம் வைத்திருப்போர் தங்கள் ஐயங்களை எழுதியனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, விருதுநகர் ஆகிய மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியைப் பற்றிய கடிதங்களே மிகுதியாக வந்தன. கன்று பிழைக்கவில்லை என்ற வருத்தம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருந்ததால், இந்த இதழை அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போயிருந்தபோது வரப்போரமாக வேம்பு, புங்கன், புளி, மா என்று 60 கன்றுகள் நட்டோம். ஐந்தடி உயரக் கன்றுகளாகப் பார்த்து, கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம். தினமும் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சிறு வாளித் தண்ணீர் ஊற்றச் சம்பளத்துக்கு ஆள் வைத்தோம். பொங்கலுக்குப் போய்ப் பார்த்தால் 11 கன்றுகள்தாம் மிச்சம். ஒருநாள்கூடத் தண்ணீர் தவறவில்லை என்று அந்த ஆள் சத்தியம் செய்கிறார். தவறு எங்கே? (வாசகர், ஈசூன்)

பதில்: அவரைக் கோபிக்காதீர்கள். அவர் உண்மையைத்தான் சொல்லியிருப்பார். தவறு மூன்று இடங்களில் நடந்திருக்கிறது. மூன்றுமே அவர் வேலைக்கு வருவதற்கு முன்பு தீர்மானிக்கப்பட்டவை.

முதலாவது, நாள். சிங்கப்பூரில் இருந்து மரம் வைக்கப் போகிறவர்கள் பஞ்சாங்கத்தையோ மழையையோ பார்த்துப் புறப்படுவதில்லை. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையைப் பார்த்துத்தான் விமானச் சீட்டு எடுக்கிறார்கள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிற, எந்த மாதத்தில் எதை நட்டாலும் துளிர்க்கிற ஊரில் இருப்பதால் அதன் ஆபத்து நமக்குத் தெரிவதில்லை. உங்கள் மாவட்டத்துக்குக் கிடைப்பது அதில் பாதிக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையாக அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் வந்து தீர்ந்துவிடுகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறட்டுக் காற்றாக இறங்குகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, அந்தக் காற்று இலையிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டு போகும் வேகத்துக்குப் புதிதாக நட்ட கன்றின் வேரால் ஈடுகொடுக்க முடியாது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற சொல்லைப் பலர் மரத்துக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். ஆடியில் மழை கிடைக்கும் மண்ணுக்கு அது சரி. ராமநாதபுரத்து மரக்கன்றுக்குப் பட்டம் ஐப்பசிதான்.

இரண்டாவது, கன்றின் உயரம். ஐந்தடிக் கன்று, அது நின்ற பை முக்கால் அடி என்றால், மேலே இருக்கும் குடும்பம் பெரியது, கீழே சம்பாதிப்பவர் ஒருவர். இருபது ஆண்டுகளுக்கு முன் காளையார்கோவில் பக்கத்தில் நானும் இதே தவறைச் செய்தவன். பட்டுப்போன ஒரு புளியங்கன்றை மறுகோடையில் பிடுங்கிப் பார்த்தேன். நட்டு எட்டு மாதம் ஆகியும், வேர்கள் பிளாஸ்டிக் பையின் வடிவத்திலேயே நின்றன. அடிப்பாகத்தில் தேன்குழல் பிழிந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கிடந்தன. அந்தச் சுருளுக்கு நான்கு விரற்கடை கீழே தோண்டினால் மண் இன்னும் இலேசான ஈரத்தோடு இருந்தது. ஈரத்துக்குப் பக்கத்திலேயே நின்று அந்தக் கன்று தாகத்தால் செத்திருக்கிறது.

மரத்துக்குள் நடப்பதை நம் ஊர் மோட்டார்க் கிணற்றை வைத்தே சொல்லலாம். வேரில் இருந்து இலை வரை நீர் அறுபடாத ஓர் இழையாக மேலே இழுக்கப்படுகிறது. வெயில் ஏறும்போது கன்று முதலில் இலையில் உள்ள நுண்துளைகளை மூடிக்கொண்டு நீரைச் சேமிக்கும். துளை மூடினால் காற்றும் உள்ளே வராது. உணவு தயாரிப்பு குறைந்து, வேர் வளர்ச்சியும் தடைபடும். அப்படியும் இழப்பு வரவை மிஞ்சினால் நீரிழை அறுந்து, நாளங்களில் காற்றுக் குமிழ் புகுந்துவிடும். உறிஞ்சு குழாயில் காற்று வாங்கிய மோட்டார் எவ்வளவு ஓடினாலும் தண்ணீர் ஏறாதல்லவா, அதே நிலைதான். அதற்குப் பிறகு ஊற்றும் தண்ணீர் அந்தக் கிளைக்குப் போய்ச் சேர்வதில்லை.

மூன்றாவது, அந்தத் தினசரி வாளி. நான்கைந்து லிட்டர் தண்ணீர் ஜூன் மாதத்து மண்ணில் ஒரு சாண் ஆழத்தைத் தாண்டுவது கடினம். ஈரம் எங்கே கிடைக்கிறதோ வேர் அங்கேதான் போகும். நாள் தவறாமல் மேல்மண்ணை மட்டும் நனைத்ததால், இருந்த வேர்களும் அந்த ஒரு சாண் மண்ணிலேயே படர்ந்தன. கோடை வெயில் முதலில் காய வைப்பதும் அதே மண்ணைத்தான்.

இனி அடுத்த முறைக்கு. ஜூன் விடுமுறையை வீணாக்க வேண்டாம். அந்தப் பயணத்தில் குழி எடுங்கள். இரண்டரை அடி நீளம், அகலம், ஆழம் போதும். மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவித்து, குழியைத் திறந்தே போட்டுவிடுங்கள். கரிசல் மண்ணாக இருந்தால் கடப்பாரையால் குழியின் சுவரைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பான சுவருக்குள் வேர் தொட்டியில் வளர்வதுபோலச் சுற்றத் தொடங்கிவிடும். ஆப்பிரிக்காவில் புர்க்கினா ஃபாசோ நாட்டின் யாக்கூபா சவாதோகோ என்ற விவசாயி, 2018 இல் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது பெற்றவர், 1980களில் தம் பகுதியின் பழைய வழக்கமான குழிமுறையை மேம்படுத்தி, இறுகிப்போன தரிசு நிலத்தை மீட்டார். மழைக்கு முன்பே, வறண்ட காலத்தில் குழிகளைத் தோண்டி எருவிட்டு வைத்ததுதான் அவருடைய வேலையின் உயிர். எருவுக்கு வந்த கரையான்கள் மண்ணைத் துளைத்துத் தந்தன. முதல் மழை ஓடிப்போகாமல் அந்தத் துளைகளின் வழியே இறங்கியது. நம் ஊரில் கரையான் என்றதும் விவசாயிகள் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே பச்சை எருவைத் தவிர்த்து நன்றாக மக்கிய தொழுவுரத்தை மட்டும் இடுங்கள். கையளவு வேப்பம் புண்ணாக்கும் சேர்க்கலாம்.

அதே ஜூன் பயணத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. வேப்பம்பழம் உதிரும் காலம் அது. வேப்ப விதையின் முளைப்புத் திறன் சில வாரங்களிலேயே குறைந்துவிடும் என்பதால், அதைச் சேமித்து ஐப்பசியில் விதைக்க முடியாது. பிள்ளைகளைப் பொறுக்கச் சொல்லி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உறவினர் வீட்டுக் கொல்லையில் ஆழமான பைகளில் ஊன்றிவிட்டு வாருங்கள். மழை பிடிக்கும்போது அவை மூன்று நான்கு மாதக் கன்றுகளாக, ஒரு சாண் இரண்டு சாண் உயரத்தில் நிற்கும். நடுவதற்கு ஏற்ற வயது அதுதான். விலை கொடுத்து வாங்கிய ஐந்தடிக் கன்றை மூன்றாம் ஆண்டில் அது முந்திவிடுவதை நீங்களே பார்க்கலாம். நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்து நிழலைக் குறைத்து, தண்ணீர் ஊற்றும் இடைவெளியையும் மெல்ல நீட்டச் சொல்லுங்கள். நாற்றங்காலின் சொகுசிலிருந்து நேரே பொட்டலுக்குப் போகும் கன்று அதிர்ச்சியில் வாடும்.

நவம்பர் பிற்பாதியில் ஆண்டிறுதி விடுமுறை தொடங்கும்போது ஊரில் மண் நனைந்திருக்கும். முதல் நல்ல மழைக்கே உறவினர் நட்டுவிட்டால் இன்னும் நல்லது. பையைக் கிழித்தெடுத்து, அடியில் சுருண்ட வேர் இருந்தால் கூரிய பிளேடால் அந்தச் சுருளை வெட்டி நீக்குங்கள். பக்கவாட்டில் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாக இலேசாகக் கீறிவிடுங்கள். பாவம் பார்க்க வேண்டாம், வெட்டிய இடத்தில் இருந்து புதுவேர் வெளிநோக்கிக் கிளம்பும். நட்ட பிறகு அடியைச் சுற்றி மூன்றடிக்குப் புல் இருக்கக் கூடாது; கன்றின் முதல் எதிரி வெயிலைவிடப் புல்தான். வைக்கோல், கடலைத்தோல், பனையோலை என்று கிடைப்பதைக் கொண்டு நான்கு விரற்கடைக் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், ஆனால் அது தண்டைத் தொடக் கூடாது. ஒன்றும் கிடைக்காத இடத்தில் கூழாங்கல்லைப் பரப்பினாலும் பயன் உண்டு. முதல் ஆண்டில் யூரியா வேண்டவே வேண்டாம். அது இலையைத் தழைக்க வைத்து வேரின் சுமையைக் கூட்டும்.

60 வேண்டாம், 20 வையுங்கள்.

கேள்வி: அறந்தாங்கிக்கு அருகே என் தாயார் தனியாக இருக்கிறார், வயது 70. வீட்டையொட்டிய காணியில் 12 ஒட்டு மாங்கன்றுகள் வைத்திருக்கிறோம். குடத்தில் சுமந்து ஊற்றுவது அவருக்கு இயலவில்லை, சொட்டுநீருக்கு மின்னிணைப்பும் இல்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு ஊற்ற வேண்டும்? சுமையைக் குறைக்க வழி உண்டா? (வாசகி, பிடோக்)

பதில்: நாள்கணக்கு சொல்லும் முன், மண்ணைக் கேட்கும் வழியை அம்மாவுக்கு நினைவூட்டுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். கன்றிலிருந்து ஓரடி தள்ளி, ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கைக்குள் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கையைத் திறந்ததும் உருண்டையாக நின்றால் அன்று தண்ணீர் தேவையில்லை, உதிர்ந்தால் ஊற்றலாம். இந்தச் சோதனைக்கு உட்பட்டு ஒரு பொதுக்கணக்கு: நட்ட முதல் மாதம் மழையில்லாவிட்டால் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை, பிறகு வாரம் ஒருமுறை 15 முதல் 20 லிட்டர், கோடை முழுவதும் அதே அளவு. இரண்டாம் ஆண்டில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அளவை மட்டும் கூட்டுங்கள். ஊற்றும் வட்டத்தையும் ஆண்டுதோறும் தண்டிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டே போங்கள். மணற்பாங்கான மண்ணில் இடைவெளி குறையும், களிமண்ணில் நீளும்.

சுமையைக் குறைக்க இரண்டு வழிகளைச் சொல்கிறேன். முதலாவது பானை. மெருகு பூசாத, நன்றாக நீர் கசியும் ஏழெட்டு லிட்டர் மண்பானையைக் கன்றிலிருந்து ஓரடி தள்ளி, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்துத் தண்ணீர் நிரப்பிவிட வேண்டும். சுற்றியுள்ள மண் காயக் காயப் பானைச் சுவரின் வழியே நீர் கசியும். மண் நனைந்திருந்தால் கசிவு தானே குறையும். ஊற்றுகிறவர் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை, பானையே பார்த்துக்கொள்ளும். சீனாவில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்திய வேளாண் நூல் ஒன்றிலேயே இந்த முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. நம் பக்கத்திலும் தென்னங்கன்றுக்குப் பானை புதைப்பவர்கள் இருக்கிறார்கள். நன்றாகச் சுட்ட, கசிவே இல்லாத பானை உதவாது: வாங்கும்போது தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் வைத்து, வெளிப்புறம் வியர்க்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வியர்க்காத பானைதான் கிடைக்கிறது என்றால் அடியில் சிறு துளையிட்டுப் பருத்தித் திரி செருகலாம். உவர்நீராக இருந்தால் ஓரிரு ஆண்டுகளில் உப்புப் படிந்து நுண்துளைகள் அடைபடும், அப்போது பானையை மாற்ற வேண்டும். வாயை ஓட்டால் மூடி வைக்கச் சொல்லுங்கள். டெங்கிக் கொசுவைப் பற்றி பிடோக்வாசிக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வழி மழையையே ஆளாக வைத்துக்கொள்வது. நிலம் சற்றே சரிவாக இருந்தால், கன்றின் கீழ்ப்புறத்தில் பிறை வடிவில் ஓரடி உயரத்துக்கு வரப்புக் கட்டி, பிறையின் திறந்த வாய் மேட்டுப் பக்கம் பார்க்கும்படி விடுங்கள். ஒரு சதுர மீட்டரில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 10 லிட்டர். மேட்டுப் பக்கத்துப் பத்துச் சதுர மீட்டரின் மழை அந்தப் பிறைக்குள் ஓடிவந்தால் 100 லிட்டர். வழியில் பாதியை மண் குடித்துவிட்டாலும் 50 லிட்டர் கன்றின் காலடியில் இறங்கும். கோடையில் எப்போதாவது வரும் ஒரு சாதாரண மழை, அம்மா மூன்று நான்கு குடம் சுமக்கும் வேலையைச் செய்துவிடும். களிமண் நிலத்தில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும் என்பதால், அங்கே கன்றைப் பள்ளத்தின் நடுவில் வைக்காமல் வரப்பின் உட்சரிவில் சற்று மேடாக வைக்க வேண்டும்.

கருநாடகத்தில் ஹுலிக்கலுக்கும் குதூருக்கும் இடைப்பட்ட சாலையோரத்தில் 385 ஆலமரங்களை வளர்த்தெடுத்த சாலுமரத திம்மக்காவை நீங்கள் அறிந்திருக்கலாம். 2019 இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரும் கணவரும் குடத்தில் நீர் சுமந்தே வளர்த்தார்கள். ஆனால் முதல் ஆண்டு அவர்கள் வைத்தவை பத்துக் கன்றுகள். அடுத்த ஆண்டு பதினைந்து. நட்டதும் மழைக்காலத்தை ஒட்டியே. சுமக்க முடிந்த அளவுக்கு நட்டார்கள் என்பதை அந்தக் கதையை மேடையில் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். உங்கள் 12 அளவான எண்தான்.

கேள்வி: தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ‘ஹைட்ரோஜெல்’ தூளைக் குழியில் போட்டால் மாதக்கணக்கில் தண்ணீரே தேவையில்லை என்று விளம்பரம் வருகிறது. இங்கிருந்து வாங்கிப் போகலாமா? (வாசகர், தெம்பனிஸ்)

பதில்: குழந்தைகளின் அணையாடையில் இருக்கும் அதே வகைப் பொருள்தான் அது. மணற்பாங்கான மண்ணில், நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தில், ஓரளவு உதவும். ஊற்றும் இடைவெளியைச் சில நாள்கள் நீட்டித் தரும். உவர்நீரிலும் ரசாயன உரம் கரைந்த நீரிலும் அதன் உறிஞ்சும் திறன் வெகுவாகக் குறைந்துவிடும், ராமநாதபுரம் போன்ற பகுதிகளில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பு. களிமண்ணிலோ அதற்கு வேலையே இல்லை. இன்னொன்றையும் விளம்பரம் சொல்லாது: அது தண்ணீரை உண்டாக்குவதில்லை, ஊற்றியதைத்தான் வைத்துக்கொள்கிறது. அந்தக் காசுக்குத் தேங்காய் உரிமட்டை வாங்கி, குழியின் ஓரங்களில் குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்கும்படி அடுக்கி மண் மூடுவது எனக்கு உகந்தது. தென்னை விவசாயிகள் நெடுங்காலமாகச் செய்வது. மட்டை தன் எடையைப்போலப் பல மடங்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும், மக்கியபின் மண்ணுக்கே உணவாகும்.

கேள்வி: நட்டு ஒன்றரை ஆண்டான வேம்பும் வாகையும் பங்குனியில் இலைகளை முற்றிலும் உதிர்த்துவிட்டன. பிடுங்கிவிட்டு வேறு நடலாமா என்று அண்ணன் கேட்கிறார். (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: கைவைக்க வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். நீர் வரவு குறையும்போது செலவைக் குறைக்க மரம் செய்வதுதான் இலையுதிர்ப்பு. வாகை வறண்ட காலத்தில் இலையின்றி நிற்பது அதன் இயல்பே. சிங்கப்பூரின் கரையோரப் பூந்தோட்டங்களின் குளிரூட்டப்பட்ட மலர்க் கூடத்துக்குப் போனால் அங்கே நிற்கும் பெருக்க மரங்களைப் பாருங்கள். ஆனைப்புளி என்றும் நம் ஊரில் சொல்வார்கள். தாய்நிலமான ஆப்பிரிக்காவில் ஆண்டின் பல மாதங்களை அவை மொட்டைமரமாக நின்றே கழிக்கின்றன; பருத்த அடிமரத்தில் நீர் இருக்கிறது, இலையை வைத்துக்கொண்டு அதைச் செலவழிப்பானேன்?

கன்றுக்கு உயிர் இருக்கிறதா என்று அறிய, நுனிக்கிளையின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் இலேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, ஒடித்தால் முறியும்படி இருந்தால் ஒரு முழம் கீழே வந்து மறுபடியும் சுரண்டுங்கள். அடிவரை காய்ந்திருந்தாலும் அடுத்த மழைக்காலம் முடியும்வரை பொறுத்திருங்கள், வேரிலிருந்து துளிர்க்கும் கன்றுகள் பல. நைஜர் நாட்டின் மராதி வட்டாரத்தில், 1980களில் டோனி ரினாவ்டோ என்ற ஆஸ்திரேலியர், நட்ட கன்றுகள் ஆண்டுதோறும் பட்டுப்போவதைக் கண்டு சலித்திருந்த நேரத்தில், புதர் என்று எல்லாரும் ஒதுக்கியவை உண்மையில் வெட்டப்பட்ட மரங்களின் உயிருள்ள அடிக்கட்டைகள் என்பதைக் கவனித்தார். ஒரு கட்டைக்கு நல்ல துளிர்களாகச் சிலவற்றை விட்டு மற்றவற்றைக் கழிக்க விவசாயிகளை அவர் இணங்க வைத்ததில், இலட்சக்கணக்கான ஹெக்டேரில் மரங்கள் திரும்பின. மண்ணுக்கடியில் பழைய வேர் தயாராக இருந்ததால் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை. உங்கள் அண்ணனும் நிலத்தை ஒருமுறை சுற்றி வரட்டும். யாரும் நடாத வேம்பும் உசிலையும் இலந்தையும் எங்காவது துளிர்த்து நிற்கும். ஒட்டுமாவுக்கு மட்டும் இந்த ஆறுதல் செல்லாது: ஒட்டுக்குக் கீழே இருந்து துளிர்த்தால் வருவது ஒட்டுக்கு அடியாக வைத்த வேர்ச்செடியின் மாங்காய், நீங்கள் விரும்பி வாங்கிய ரகம் அல்ல.

கேள்வி: முருங்கையைப் போத்து (வெட்டிய கிளைத்துண்டு) வைப்பதா, விதை போடுவதா? பனங்கொட்டையை நாற்றாக வளர்த்து நடலாமா? (வாசகி, புக்கிட் பாத்தோக்)

பதில்: தண்ணீர் வசதியுள்ள வீட்டுக் கொல்லை என்றால் போத்து, விரைவில் காய்க்கும். தண்ணீரில்லாப் பொட்டல் என்றால் விதைதான். போத்திலிருந்து வரும் மரத்துக்கு ஆணிவேர் கிடையாது, பக்கவேர்களை நம்பி நிற்கும். பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம்.-1 ரகம் விதைமுருங்கைதான்.

பனையை நாற்றாக வளர்த்து நட நினைக்காதீர்கள்; இருக்க வேண்டிய இடத்திலேயே கொட்டையைப் புதைத்துவிடுங்கள். பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கே அதற்குக் காரணம். கொட்டையிலிருந்து கிளம்பும் முளை மேலே வருவதில்லை, நேரே கீழே இறங்குகிறது. ஆழத்தில் கிழங்காகப் பருத்துச் சேமிப்பை வைத்துக்கொண்ட பிறகே முதல் ஓலையை வெளியே நீட்டுகிறது. வறட்சியைத் தாங்கும் மரம் முதல் ஆண்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதிலும் நான் பார்த்ததில்லை. முளைத்ததைப் பெயர்த்தெடுப்பது அந்தச் சேமிப்பை அறுப்பதாகும்.

கேள்வி: ஊரை விடுங்கள், இங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டியில் நிற்கும் என் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நாங்கள் டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்தால் காய்ந்துவிடுகின்றன. சிங்கப்பூரிலும் வறட்சி வருமா? (வாசகி, தோ பாயோ)

பதில்: வரும். 2014 ஆம் ஆண்டில் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள்கள் இங்கே மழையில்லாமல் போயின. 1869 இல் தொடங்கும் மழைப் பதிவுகளில் மிக வறண்ட மாதமாக அந்தப் பிப்ரவரி பதிவானது. திடல்களின் புல் பழுப்பேறியதும், மழை திரும்பிய பிறகு சாலையோர மரங்கள் வழக்கத்தைவிட மிகுதியாகப் பூத்ததும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் உங்கள் தாழ்வாரத்துக் காய்ச்சலுக்கு வானத்தைக் குறைசொல்ல முடியாது. கூரைக்கடியில் இருக்கும் தொட்டிக்கு எந்த மாதமும் மழை விழுவதில்லை.

புறப்படுவதற்கு முன் தொட்டிகளை வெயிலும் காற்றும் படாத மூலையில் நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியை அரைமணி நேரம் அமிழ்த்தி, குமிழ் வருவது நின்றதும் எடுத்து வடியவிடுங்கள். தென்னை நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால், மேலே ஊற்றும் நீரை ஓரமாக வழியவிட்டுத் தான் நனையாமல் இருந்துவிடும். கறிவேப்பிலையைப் பாதிக்குக் கிள்ளிச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், இலை குறைந்தால் செலவு குறையும். தொட்டியின் தட்டில் தண்ணீரை விட்டுப் போகாதீர்கள். கொசு முட்டையிட்டால் அபராதச் சீட்டு வரும். அந்த வாரத்தில் தொட்டி மாற்றவும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் பத்து நாளைக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லிச் சாவி கொடுக்கும் உறவிருந்தால் இவ்வளவும் தேவையில்லை.

கேள்வி: தண்ணீர் ஊற்றுவதை எப்போது நிறுத்தலாம்? ஆளுக்கு ஆண்டுதோறும் சம்பளம் அனுப்பிக்கொண்டே இருக்க முடியுமா? (வாசகர், செங்காங்)

பதில்: பால்குடி மறக்கடிப்பதுபோல, ஒரே நாளில் நிறுத்தாமல் முதல் ஆண்டிலிருந்தே இடைவெளியை நீட்டிக்கொண்டு வந்திருந்தால், நாட்டு மரங்களுக்கு மூன்றாம் ஆண்டில் நிறுத்திவிடலாம். மூன்றாம் பங்குனியில் தண்ணீர் ஊற்றாமலே புதுத்துளிர் வந்தால் வேர் ஆழத்து ஈரத்தைத் தொட்டுவிட்டது என்று கொள்ளலாம். சித்திரையில் நடுப்பகலில் இலை துவண்டு மறுநாள் காலையில் நிமிர்ந்தால் பொறுத்திருங்கள். காலையிலும் துவண்டே இருந்தால் அந்தக் கோடைக்கு மட்டும் மாதம் ஒருமுறை நிறைய ஊற்றச் சொல்லுங்கள். மா, சப்போட்டா போன்றவற்றுக்குக் காய் வேண்டுமென்றால் கோடைத் தண்ணீர் தொடர வேண்டியிருக்கும். ஆளை நிறுத்திவிட வேண்டாம். அந்தச் சம்பளத்தில் மக்கிப்போன வேலிமுள்ளை எடுத்துவிட்டுப் புதுக் கருவேல முள் வைக்கச் சொல்லுங்கள். மழை தவறினாலும் ஆடு தவறாமல் வரும்.